காலியான கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

மூன்று கடைகள். மூன்றிலும் ஒரே வசனம்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்." சொல்லிக்கொண்டே ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறார்கள், ஏதோ கல்யாண வயசுப் பெண்ணை மறைக்கிற மாதிரி. நானும் ஆறு வருடமாகச் சொல்லும் வசனத்தைச் சொன்னேன். நான் நகராட்சி சுகாதாரப் பிரிவின் ஆலோசகர், ஆய்வாளர் இல்லை. அவர் வேற, நான் வேற. என்னிடம் சொல்வது அவரிடம் போகாது. சொன்ன பிறகுதான் கதவு திறக்கும்.

மார்ச் 5

ஓரகத்தியின் கடைக்குப் போனேன். கொழுந்தன் மனைவி கடைக்கு நானே போவது முறையில்லை. ஆனால் பிரிவில் இருந்த இன்னொரு ஆலோசகர் ஓய்வுபெற்று எட்டு மாதம், நாற்காலி இன்னும் காலி. இந்த மாதம் அவளுக்கு ஆய்வு. ஐந்துக்கு நான்கு மதிப்பெண்ணாவது வந்தால்தான் மழலையர் பள்ளியின் நாற்பது மதியச் சாப்பாடு அவளிடம் நிற்கும். கடையே அதில்தான் ஓடுகிறது.

சமையலறை பளிச்சென்று இருந்தது. என் வீட்டை நினைத்து வெட்கமாக இருந்தது. ஃபிரிட்ஜ் வெப்பநிலைத் தாள் ஆணியில் தொங்கியது. நாள்தோறும் நான்கு டிகிரி. பிப்ரவரி 11, 12-லும் நான்கு.

அந்த இரண்டு நாளும் கடை பூட்டியிருந்தது. மாமனாருக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில், என் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தேதியின் மேல் விரலை வைத்தேன். சிரித்துவிட்டாள். "நீங்கதானேக்கா பயிற்சியில சொன்னீங்க, ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாதுன்னு?"

சொன்னேன்தான். அடித்துவிட்டு 'கடை விடுமுறை' என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

"அவர்கிட்ட சொல்லிட மாட்டீங்கல்ல?"

"அவர் வேற, நான் வேற."

மார்ச் 6

வருகைக் குறிப்பை எழுதி முடித்தேன். 'கடை மூடியிருந்த இரு நாட்களுக்கும் அளவு எழுதப்பட்டுள்ளது. திருத்தச் சொல்லப்பட்டது.' விட்டிருக்கலாம். சொந்தக்காரி என்பதற்காக விட்டால் நான் யார்? என் கோப்பில்தானே இருக்கப்போகிறது.

மார்ச் 12

சுற்றறிக்கை. இனி ஆலோசனைக் குறிப்பும் ஆய்வுக் கோப்பும் ஒரே இடத்தில். பழையவையும் சேர்த்து. அதிகாரியிடம் போய்க் கேட்டேன். கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றேன். "எல்லாரும் ஒரே ஆபீஸ்தானேம்மா? எதுக்கு ரெண்டு பீரோ?" என்று தேநீரை ஊதினார்.

அவளிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 15

இன்னும் சொல்லவில்லை. ஆய்வாளர் பழைய குறிப்பையெல்லாம் எங்கே படிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். பொய். என் வாக்குக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 19

இன்று அவளுக்கு ஆய்வு. போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

மார்ச் 20

இரண்டு.

சுத்தத்துக்கு முழு மதிப்பெண். ஃபிரிட்ஜுக்கும் முழு மதிப்பெண். 'பதிவேடுகளை நம்ப இயலாது' என்பதில் எல்லாம் போயிற்று. உள்ளே வந்ததும் நேராக ஆணியிடம் போனாராம் ஆய்வாளர். மற்ற எதையும் பார்க்கும் முன்பே. அடித்திருந்த கட்டத்தைக் காட்டி, "முதல்ல நாலுன்னு எழுதினது யாரு?" என்றாராம். அறிக்கையில் என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல்.

கொழுந்தன் போனில் என் கணவரிடம் சொன்னது எனக்கே கேட்டது: "அண்ணி எழுதினதுதாண்ணா அது."

போனை வைத்துவிட்டு இவர் கேட்டார். "எழுதாம இருந்திருக்கலாம்ல?"

"எழுதினது தப்பில்ல."

"சரி, தப்பில்ல. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

ஒரு வாரம் இருந்துச்சே. ஒரு வாரம் முழுசா இருந்துச்சே.

ஏப்ரல் 2

மழலையர் பள்ளி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார், ஒருங்கிணைப்புக்கு நல்ல உதாரணமாம். அவர் பின்னால் சுவரில் எங்கள் விளம்பரத் தாள்: 'உங்கள் தொழிலுக்குத் துணை நிற்கிறோம்.' அந்த வரியை எழுதியவள் நான். அன்று ஒரு மணி நேரம் யோசித்து எழுதினேன்.

ஏப்ரல் 9

இன்றைக்கு ஒரு கடையில் 'அவர் வேற' என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். கடைக்காரர் காத்திருந்தார். "எல்லாம் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

ஏப்ரல் 21

அவள் கடைக்குப் போனேன். விடுப்பு எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு. மன்னிப்புக் கேட்க இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். கதவில் 'இரண்டு' என்ற மதிப்பெண் அட்டை. உள்ளே பாதி மேஜைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"உட்காருங்க" என்றாள். தேநீர் வைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

"கடை எப்படிப் போகுது?" என்றேன். கேட்க வந்தது அதில்லை.

துணியை மடித்துக்கொண்டே நடந்துபோய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்."