கதவு நிலையில் ஒரு குழி

அன்புள்ள அப்பாவுக்கு,

லேனா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போலந்தில் நம் யூதர் சமையலைத் தேடி அலைந்ததில், போர்க்காலத்தில் தாத்தா விட்டு ஓடிய வீட்டிலேயே வாடகைக்கு அறை கிடைத்தது. நான் யாரென்று சொல்லவில்லை. இங்கே சாப்பாட்டில் உலர்திராட்சை போட்ட கெண்டைமீன், அப்படியே நம் வீட்டு ருசி.

"இந்தப் பக்குவம் வீட்டோட சேந்து வந்தது கண்ணு," என்றார் வீட்டுக்கார அம்மாள் பொஜேனா.

வெளியே கிளம்பும்போது, நம் வீட்டு வாசலில் செய்கிற பழக்கதோஷத்தில் கதவு நிலையைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டேன். அங்கே தாத்தா காலத்தில் நம் வேதச்சுருள் பதித்திருந்த வெறும் குழிதான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பொஜேனாவின் சிரிப்பு நின்றுபோனது.

"வீட்டைக் கேட்டு உன்கூட இன்னும் எத்தனை பேரு வந்திருக்காங்க?"

இன்று காலை அந்தக் குழியைச் சிமெண்டால் பூசியிருந்தார்கள். என் அறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார்கள், பழுது பார்க்கவாம்.

கவலைப்படாதீர்கள். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். உறையின்மேல் நம் குடும்பப் பெயரை மட்டும் எழுத வேண்டாம். யாரோ படியேறி வருகிறார்கள்.

உங்கள் மகள்