தீர்த்தம் படாத வண்டி

ஜூன் 4

பிப்ரவரியில் விழுந்தேன். காறை எலும்பு கூடிவிட்டது. ஆனால் இன்னும் மோட்டார் சைக்கிள் என்று வாயெடுத்தாலே என் கணவர் ஆர்லெஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். இத்தனைக்கும் இவர் பிழைப்பே வண்டிதான். சின்சினாவிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டுகிற மனிதர்.

பால் சங்கத் தலைவர் லிசிமாகோ இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். "ஆகஸ்டுலேருந்து மலைப் பண்ணைங்களுக்குப் போக முடியும்னா போங்க டாக்டர். இல்லைன்னா பெரெய்ரா ஆபீஸ்ல ஒரு மேஜை காலியா இருக்கு."

மாட்டு வைத்தியம் படித்தது மேஜைக்கா? அங்கே எந்த மாடு வரும்?

ஜூன் 5

ஆர்லெஸ் இறங்கி வந்திருக்கிறார், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, ஈரத்தில் சக்கரம் இறுகிக்கொள்ளாத பிரேக் உள்ள உயர்ந்த கம்பெனி வண்டியாக இருக்கவேண்டும். இரண்டு, ஜூலை பதினாறு, வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காவலான கார்மேல் மாதாவின் திருநாள் ஊர்வலத்தில் பாதிரியார் அதன்மேல் தீர்த்தம் தெளிக்கவேண்டும்.

"அவ தண்ணி படாம நம்ம வீட்டு வண்டி எதுவும் ரோட்டுல இறங்கினதில்லை. நீ விழுந்த வண்டி ஒண்ணுதான் அப்படி."

அந்த வண்டியில் பிரேக் தேய்ந்திருந்ததைச் சொன்னால் இன்னொரு சண்டை.

ஜூன் 10

மனிசாலெஸில் ஹால்டென் மோட்டார் சைக்கிள் ஷோரூம். இவர் சொன்ன உயர்ந்த கம்பெனி அதுதான். நான் கேட்டது ஒரே கேள்வி: இதே அளவு எஞ்சின் உள்ள மற்ற வண்டியைவிட இது ஏன் இரண்டு மடங்கு விலை? பளபளவென்று ஷூ போட்ட விற்பனையாளர் பதிலை ஆர்லெஸைப் பார்த்துச் சொன்னார்.

"சார், இது வெறும் வண்டி இல்ல சார். ஒரு கௌரவம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "மேடத்துக்குச் சிவப்பு எடுப்பா இருக்கும்."

ஓட்டப்போவது நான். பணம் கட்டப்போவதும் நான். தோள்வரை கைவிட்டுக் கன்று இழுத்துப் போடுகிறவளுக்கு எந்த நிறம் எடுப்பாக இருந்தால் என்ன? ஆர்லெஸ் வேறு அந்த ஆள் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டுத் தலையாட்டுகிறார். எரிச்சல்.

ஜூன் 11

கௌரவம் பிரேக் பிடிக்குமா என்று கேட்டிருக்கவேண்டும். இப்போதுதான் தோன்றுகிறது.

ஜூன் 18

பெரெய்ரா ஹால்டென் ஷோரூமில் விலை கொஞ்சம் குறைவு. சந்தோஷப்பட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பட்டறையைப் பார்த்தேன். பூட்டு. வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பிரேக் லீவர் ஒண்ணுக்கு ஈஸ்டர்லேருந்து அலையுறேங்க. கேட்டா, தலைநகர் பொகொத்தாவுலேருந்து வரணுமாம். விக்கிறதுக்கு மட்டும் இங்கேயே வண்டி இருக்கு, பாருங்க."

மறுபடி ஷோரூமுக்குள் போகாமலே ஊர் திரும்பிவிட்டேன்.

ஜூன் 24

சின்சினாவிலேயே, சந்தைக்குப் பின்னால், லிக்யா அம்மாளின் ஹால்டென் கடை. கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். காப்பியும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் பட்டறை திறந்திருந்தது. உதிரிப் பாகங்கள் அலமாரி நிறைய இருந்தன. காத்திருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் அந்த அம்மாளைத் திட்டினார்கள், மூவரும் மறுபடி இங்கேதான் வருவார்களாம்.

ஏன் இவ்வளவு விலை என்று அவரிடமும் கேட்டேன்.

"பாதி, பேருக்கும் கப்பலுக்கும் வரிக்கும் போகுது. அதை என்கிட்ட கேக்காதீங்க. மீதிப் பாதி பிரேக்கும் ஷாக் அப்சார்பரும் நல்ல இரும்பும். அதையும் பூட்டத் தெரிஞ்சவன் பூட்டினாத்தான். இல்லைன்னா அதுவும் தண்டம்."

முதல்முறையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். முன்பணம் கட்டிவிட்டேன்.

ஜூலை 9

வரவில்லை. லா லினியா மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டியை ஏற்றி வரும் லாரி நிற்கிறதாம். ஆர்லெஸ் ஊர்வலத்துக்காக ஜீப்புக்குப் பலூனும் காகிதப் பூவும் வாங்கி வந்துவிட்டார்.  

ஜூலை 13

வந்துவிட்டது. பெட்டிக்குள், முன்சக்கரம் தனியாக.

"பத்தொன்பதாம் தேதி எடுத்துக்கங்க" என்கிறார் லிக்யா அம்மாள்.

திருநாள் பதினாறு என்று கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன், பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"வருஷா வருஷம் இதே கூத்துதான்மா. மாதாவுக்காக எல்லாரும் அவசர அவசரமாப் பூட்டித் தள்ளிவிடுவாங்க. ஆகஸ்ட்ல அந்த வண்டிங்க எல்லாம் என்கிட்டதான் வந்து நிக்கும். பூட்டணும், ஒவ்வொண்ணாப் பாக்கணும், நான் ஓட்டிப் பாக்கணும். பிடிக்கலைன்னா முன்பணத்தை வாங்கிட்டுப் போங்க."

என்ன திமிர் இந்தப் பொம்பளைக்கு. எனக்குப் போவது வேலை. அவளுக்கு என்ன?

ஜூலை 14

மனிசாலெஸ் பளபளா ஷூ போன் செய்தார். நாளைக்கே தருவாராம், ரிப்பன் கட்டி.

ஆர்லெஸ்: "எடுத்துரு எடில்மா. வண்டி அதே வண்டிதானே."

ஜூலை 15

போனேன். சாவி வாங்கத்தான் போனேன்.

ஷோரூம் வாசல் நடைபாதையில் ஏழெட்டு வண்டிகள். ஒருவர் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதில் ரிப்பன் கட்டுகிறார். என் வண்டியின் பிரேக்கை யார் பார்த்தது என்று கேட்டேன்.

"முதல் சர்வீஸ்ல பாத்துக்கலாம் மேடம். மாதா இருக்கா."

கால்நடையாகவே பஸ் நிலையத்துக்கு இறங்கிவிட்டேன். எல்லார்மேலும் கோபம். பளபளா மேல், லிக்யா மேல், ஆர்லெஸ் மேல். மாதா மேலும் கொஞ்சம்.

பெரெய்ரா மேஜைதான் போலிருக்கிறது. 

ஜூலை 16

ஊர்வலம். ஊரே ஹாரன் அடித்தது. பாதிரியார் வாளியில் துடைப்பத்தை முக்கி வீசினார், ஜீப்பில் உட்கார்ந்திருந்த நான் நனைந்ததுதான் மிச்சம். 

ஜூலை 17

லிக்யா அம்மாள் கூப்பிட்டனுப்பினார், "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று. வண்டி முழுதாக நின்றது.

"அந்த முன் பிரேக்கை அமுக்குங்க" என்றார் இவரிடம்.

இவர் அமுக்கினார். லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொண்டது.

"பிரேக் குழாய்க்குள்ள காத்து, இன்னும் வெளியேத்தலை. பதினாறாம் தேதிக்குக் கேட்டீங்களே, குடுத்திருந்தா இப்படித்தான் குடுத்திருப்பேன்."

இவர் இன்னொரு முறை அமுக்கினார். மறுபடியும். பிறகு கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.  

ஜூலை 19

எடுத்தாகிவிட்டது. தெருக்கோடிவரை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். தீர்த்தம் படவில்லை. இனி அடுத்த ஜூலைதான். ஆர்லெஸ் எப்போது அதைக் கிளப்புவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2

விடிவதற்குள் கிளம்பினேன். மேல் பண்ணையில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்று பிழைத்தது. இறங்கும்போது கொட்டு கொட்டென்று மழை, வழி முழுக்கச் சேறு. பிரேக் பிடித்த இடத்தில் எல்லாம் வண்டி நின்றது.

வாசலில் ஆர்லெஸ். என்னை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லீவரை ஒருமுறை அமுக்கினார், இறுக்கமாக இருந்தது. தீர்த்தம் பற்றி இப்போது ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நானும் சண்டைக்குத் தயாராகத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"மேல நல்ல மழையா?"

"ஆமா."

"வண்டி முழுக்க நனைஞ்சுதா?"

"நனையாம? சொட்டுது பாருங்க."

"அப்ப சரி" என்றார். "அதுவும் அவ அனுப்பின தண்ணிதான். உள்ள வா, வெல்லத் தண்ணி சூடா இருக்கு."