கூரைக்கும் பலகைக்கும் நடுவில்

ஜூலை 14, செவ்வாய்

சீகிரியா ஹோட்டலில் வேலை முடிந்துவிட்டது என்கிறார் மேனேஜர். எங்கே முடிந்தது? பலகை சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் ஆள் தவழும் அளவு இடம். முழுக்கக் காய்ந்த மரமும் கரண்ட் வயரும். தீப்பிடித்தால் வெளியே தெரியாமல் அங்கேதான் ஓடும். தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்க அதற்கென்றே செய்த ஸ்பிரிங்க்ளர்களை விருந்தினர் அறைகளுக்கு மேலே நானே தவழ்ந்து பூட்டினேன். வேலைக்காரர் தங்கும் அறை வரிசைக்கு வந்ததும், "அங்க வேணாம் தம்பி, ப்ளான்ல அது ஸ்டோர்தானே" என்கிறார். அந்த ஸ்டோரில் பதினொரு பெண்கள் தூங்குகிறார்கள்.

சாமான் கட்டும்போது, அறை துடைக்கும் செல்வி அக்கா வந்தார். "எங்க தலைக்கு மேலயும் பூட்டிட்டீங்களா தம்பி? இனி பயமில்லாம தூங்கலாம்."

"நீ குளிக்காம படுக்கிறதுக்கு, அது தண்ணி ஊத்தினா நல்லதுதான்" என்றாள் கூட நின்றவள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே பூட்டவில்லை என்று சொல்லவில்லை.

மேனேஜரைத் திட்டிக்கொண்டே மாத்தளை வரை பஸ்ஸில் வந்தேன். வேலை முடிந்ததாக நாளைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடமாட்டேன். வேலை போனாலும் போகட்டும்.

ஆனால் இன்றிரவு? செல்வி அக்காவின் நம்பர்கூட என்னிடம் இல்லை. என்னை நம்பி இந்நேரம் தூங்கியிருப்பார்.