சித்திரையில் வரட்டும்

மெர்கோங், அலோர் ஸ்டார்
பங்குனி 20

அன்புள்ள என் கணவர் யோகேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி லோகேஸ்வரி எழுதுவது. நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். நடுக்கடலில் எண்ணெய் மேடையில் நிற்கிற நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாரியம்மன் துணை. கடிதம் என்றதும் பதறிவிடாதீர்கள். உங்கள் கூட்டாளி திவாகரன் லீவு முடிந்து நாளை மீரிக்குத் திரும்பி உங்கள் மேடைக்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடுகிறது. போகாத நாட்களில் நீங்களே "சரிலா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் நல்ல செய்தி. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் மிஸி வயிற்றைத் தடவிப் பார்த்து, "தலை கீழ திரும்பிடுச்சி, பயப்படாதலா" என்றார். ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறதாம். எனக்கு ஆபரேஷன் தேவைப்படுமா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். இப்போதைக்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை, வலி வந்ததும் பெரிய மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள் என்றார். சித்திரை பிறந்து இரண்டாம் வாரத்தில் எதிர்பார்க்கலாமாம்.

அந்த இரண்டாம் வாரம்தான் வீட்டில் பெரிய வழக்காகிவிட்டது. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்று அத்தை அழாத நாளில்லை. ஆடியில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பதே இதற்காகத்தானாம். உங்கள் கம்பெனி பஞ்சாங்கம் பார்த்தா லீவு கொடுக்கும்? நீங்கள் வந்தது ஆடியில். மகனைக் கண்ட சந்தோஷத்தில் அத்தைக்கும் மாதம் மறந்துபோய், தினம் கோழிக்குழம்பு வைத்து நம் இருவருக்கும் பரிமாறினார். இப்போது விரல்விட்டு எண்ணிவிட்டு, தாமே தலையில் கைவைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பரிகாரமாக ஜோசியரிடம் போய், பங்குனி முடிவதற்குள் ஒரு நல்ல நேரம் குறித்து வாங்கி வந்து, தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு இடமும் சொல்லி வைத்துவிட்டார். வயிறு என்னுடையது, விஷயம் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நீங்களும் "அம்மா சொல்றபடி செய்" என்று ஒரே வரி அனுப்பினீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது உங்கள் நல்ல காலம்.

நேற்று நானே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். இது வீம்பு என்று நினைக்காதீர்கள். ஆபரேஷனைக் கண்டு பயமும் இல்லை. பிரசவ நேரத்தில், பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், சரி என்று முதலில் சொல்பவள் நான்தான். எனக்காகவோ பிள்ளைக்காகவோ என்றால் அறுக்கட்டும். பஞ்சாங்கத்துக்காக என்னை அறுக்க விடமாட்டேன்.

இன்னொரு பக்கம் என் அம்மா. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், வளைகாப்பு முடிந்த கையோடு எஸ்டேட்டுக்கு வந்துவிடு என்று ஒற்றைக்காலில் நின்றது. பாலிங் பக்கத்து அந்தச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையை நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்களே. மழை பெய்தால் கார் சேற்றில் உட்கார்ந்துவிடும். வலியோடு அதில் ஏற மாட்டேன் என்றேன். இங்கிருந்து பெரிய மருத்துவமனை கூப்பிடு தூரம், ஏதாவது ஒன்றென்றால் எல்லா வசதியும் அங்கே இருக்கிறது. வலி தானாக வரட்டும், பிள்ளை அங்கே பிறக்கட்டும். இதுதான் என் முடிவு. தாய் வீட்டுக்கு நான் போகாவிட்டால் என்ன, தாய் என் வீட்டுக்கு வரட்டுமே என்று சொன்னதும் அம்மா மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. இப்போது சம்பந்திகள் இருவருக்கும் ஒரே அடுப்பு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக் குழம்பில் மிளகு எவ்வளவு போடுவது என்று இப்போதே சண்டை. நான் இன்னும் பெறவே இல்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றதும் அத்தை கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சாப்பிடவும் இல்லை. இன்று காலை பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, "அவன் பொறந்ததும் சித்திரையிலதான்மா" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் அப்பா அய்யாவு ரப்பர் பால் லாரியில் வேலை செய்ததும், மழையில் அந்த லாரி சரிவில் உருண்டதும், அப்போது உங்களுக்கு ஒரு வயதுகூட நிறையாததும். சாவு வீட்டில் உங்களை அப்பா முகம் பார்க்கவிடாமல் பெரியவர்கள் தடுத்தார்களாம். அப்பனை விழுங்கிய பிள்ளை என்று சொன்னார்களாம். நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதிலும் உங்கள் காது படவே சொன்னார்களாம்.

கல்யாணமான வருஷம் உங்கள் பிறந்த நாளுக்கு நான் பாயாசம் வைத்தபோது, பழக்கமில்லை என்று எழுந்து போனீர்கள். பாயாசம் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

நான் அத்தையிடம் கேட்டேன்: "லாரி சறுக்குனதுக்குப் பால் குடிக்கிற பிள்ள என்ன பண்ணும் அத்தை?" அவர் வெகுநேரம் அழுதார். "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான், அதுவும் கடலு மேல நிக்கிறான்" என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், வயிறு இடித்தது. அத்தை இன்னும் முழுதாக மனம் மாறவில்லை. அவன் வாயால் சரி என்று சொல்லட்டும் என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிந்துவிட்டது, அவரோடு எனக்கு இனிச் சண்டையில்லை.

உங்களோடுதான் பேச்சு. அந்த ஒரு வரியை நீங்கள் அம்மாவுக்குப் பயந்து எழுதவில்லை. உங்கள் உயிருக்காகவும் எழுதவில்லை. உங்களைச் சொன்ன அதே சொல்லை நாளைக்கு நம் பிள்ளையையும் யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதானே? சொல்லிப் பார்க்கட்டும். நான் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கும்வரை அந்தச் சொல் வாசற்படி தாண்டாது. நீங்கள் யாரையும் விழுங்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு முப்பத்திரண்டு வருஷமாகத் துணையாக இருந்தவர் நீங்கள். இதை உங்களிடம் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்கிறேன்.

உங்கள் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. எனக்கு வேண்டியது நீங்கள்தான். சித்திரை பிறந்ததும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மேடையில் ஏறும்போதும் இறங்கும்போதும் கவனம், கயிற்றை மாட்டாமல் நிற்காதீர்கள். அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

பிள்ளையை மிஸி என்னிடம்தான் முதலில் கொடுப்பார். நான் வாங்கி உங்களிடம்தான் நீட்டுவேன். அப்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
லோகேஸ்வரி