புழுவுக்கு ஆகாத மருந்து

அண்ணே,

இன்று காலை பக்கத்து மாந்தோப்பிலிருந்து பூச்சிமருந்து நாற்றம் வந்தது. உன் சொக்காயில் வீசுமே, அதே நாற்றம். போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பட்டுப்புழுக் கொட்டகையின் திரைகளை இறக்கினேன். எல்லாவற்றையும் இறக்கி முடித்த பிறகுதான் மருந்து அடிக்கிறவன் யாரென்று எட்டிப் பார்த்தேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

நீ கூலிக்கு மருந்து அடித்துவிட்டு வருகிற நாட்களில் கொட்டகை வாசலிலேயே மறிப்பேன். "குளிச்சியா? சொக்கா மாத்தினியா?" நீயும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்து, கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாய். "பச்சப்புள்ளைங்கம்மா, தாங்காது" என்பாய். நாள் முழுக்க அந்த மருந்திலேயே நனைந்தவன் தாங்குவானா என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா?

ஒரு தடவை தோப்பு மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்து, ஓர் அடுக்குப் புழு மொத்தமும் சுருண்டு செத்தது. தோப்புக்காரரிடம் சண்டைக்குப் போனாய். அவர் சிரித்துக்கொண்டே, "கூடு கட்டினா வெந்நீர்ல போடத்தானே போறாங்க? நாலு நாள் முன்னாடி செத்தா இன்னா இப்போ?" என்றார். நீ கத்தித் தீர்த்துவிட்டு வந்தாய். ஆனால் மறுநாளே அதே தோப்புக்கு மருந்து அடிக்கப் போனாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புழுவுக்காக அவ்வளவு கத்தினவன், உனக்கு ஒரு மாஸ்க் வாங்கித் தரச் சொல்லி வாயைத் திறக்கவில்லை.

மூச்சு இழுத்துக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என்ன வேலை என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். புழு வளர்க்கிறோம் என்றாய். மருந்து அடிப்பதை நீ சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. என்ன ஜென்மம் நாம்!

இன்று வேலியோரம் போய், "ஏம்பா, நிறுத்துப்பா!" என்று கத்தினேன். அடித்துக்கொண்டிருந்தவன் உடனே மிஷினை நிறுத்தினான். "புழு வெச்சிக்கினு கீறியாக்கா? முன்னாடியே சொல்லக்கூடாதா, காத்து பாத்து அடிச்சிருப்பேனே."

"புழுவுக்கு இல்லப்பா, உனக்குத்தான் சொல்றேன். மூக்கக் கட்டிக்கினு அடி."

"எனக்கு இன்னாக்கா!" என்று சிரித்தான்.

என் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நீட்டினேன். வாங்கி நெற்றியைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "திரைய நல்லா எறக்கிவுடுக்கா" என்று சொல்லிவிட்டு மிஷினை மறுபடி முடுக்கினான்.

உன்னிடம் சொல்லாமல் விட்டதை வேறு ஒருத்தனிடம் சொன்னால் சிரிக்கிறான், அண்ணே. நான் என்ன செய்ய?