பகலில் அருந்ததி

மே 18, ஞாயிறு

கத்திரி வெயில். குழாயைத் திறந்தால் வெந்நீர். வீட்டில் கரண்ட் இல்லை, வழக்கம்போல். ஸ்டேஷன் பக்கத்து நூர்ஜஹான் அக்காவின் பிரவுசிங் சென்டருக்கு ஓட்டம். அங்கே இன்வெர்ட்டர் உண்டு.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ, ஒரு மலைப் பக்கம். திறந்து மூடும் கூரை, உள்ளே வரிசையாக டெலஸ்கோப். நெட்டில் நிமிடக் கணக்கில் வாடகை. இங்கே பகல் என்றால் அங்கே இரவு. தாம்பரத்தில் பட்டனை அழுத்தினால் அங்கே அது திரும்புகிறது! இன்னும் நம்ப முடியவில்லை.

போன வாரம் சொதப்பல். பதிவு நேரம் கிரீன்விச் கணக்கு. அதோடு ஐந்து மணி கூட்டினேன். நம் நாட்டுக்கென்று ஒட்டிக்கொண்டிருக்கும் அரை மணியை மறந்தேன். சீக்கிரமே போய் உட்கார்ந்து, வேலை செய்யவில்லை என்று திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தும் விட்டேன். அதன் பிறகுதான் என் நேரமே ஆரம்பித்திருக்கிறது. சிறுசேரியில் அடுத்தவர் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் எனக்கு உத்தியோகம். வெட்கக்கேடு.

இன்று கிடைத்தது: வளைய நெபுலா. செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, அவ்ளோ தூரம் போயி மெதுவடையவா போட்டோ புடிச்சிகினு கீற?"

மே 20, செவ்வாய்

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. ஜூன் 8, காலை 9–10.30, குரோம்பேட்டை மண்டபம். மஞ்சள் தடவ அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை சரவணன். பல்லாவரத்துக்காரர், வங்கியில் வேலை. இரண்டு முறை பார்த்தாயிற்று. பேசவே காசு கேட்பார் போல. "ம்", "சரி", "சாப்பிட்டீங்களா?" எப்படிப்பட்ட ஆள் என்று பிடிபடவே இல்லை.

மஞ்சள் தடவும்போது ஒரு யோசனை. தாலி, மெட்டி, அம்மி, அப்புறம் அருந்ததி. வெளியே கூட்டிப்போய்ப் பட்டப்பகலில் வானத்தைக் காட்டி ஐயர் கேட்பார், தெரிகிறதா என்று. எல்லோரும் தெரியுது என்பார்கள். எப்படித் தெரியும்?

விசாரித்தேன்.

அம்மா: "ஓமப்புகைல எனக்கு ஐயரே தெரியல. தெரியுதுன்னுட்டேன்."

அப்பா: "அங்க ஒரு தென்னை மரம் இருந்துது."

ஆபீஸில் டீம் லீடு: "வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரிச்சேன்."

ஒருத்தர்கூட பார்க்கவில்லை! கல்யாணத்தில் கேட்கிற முதல் கேள்வி, அதற்கே பொய். நான் சொல்ல மாட்டேன். பார்த்தால் தெரியுது, இல்லாவிட்டால் தெரியல. அம்மாவிடம் சொன்னேன்.

"சபைல மானத்த வாங்காதடி. ஒரு வார்த்தை, சொல்லிட்டுப் போயேன்!"

மே 21, புதன்

ஆபீஸ் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். இம்முறை அரை மணியோடு. இங்கே காலை பத்து, அங்கே முந்தின ராத்திரி பத்தரை. சப்தரிஷி மண்டலம் ஏறக்குறைய உச்சியில்! ஐயர் கை காட்டும் அதே நேரத்தில் அருந்ததியை நிஜமாகவே பார்க்கலாம். ராத்திரி மொட்டை மாடியிலிருந்து மங்கலாகப் பார்த்ததுண்டு. அது வேறு. கேள்வி பகலில்தானே கேட்கிறார்கள்.

மணவறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது. பட்டனை யார் அழுத்துவது?

நூர் அக்கா: "நான் இருக்கேன்டி. நாலு தட்டு தட்டணும், அவ்ளோதானே?"

மே 25, ஞாயிறு

ஒத்திகை. படுதோல்வி. மங்கலான பொருள்களுக்கான டெலஸ்கோப். நெபுலாவுக்குப் போலவே கேமராவை ஐந்து நிமிடம் திறந்து வைத்துத் தொலைத்தேன். பக்கத்துப் பெரிய நட்சத்திரம் வசிஷ்டர் பொங்கி வழிந்து படம் முழுக்க வெள்ளை. அருந்ததி அதற்குள் மூழ்கிப் போனாள்.

"ட்யூப் லைட்டையா புடிச்ச?" அக்கா.

ஒரு நொடி போதும்; பெரிய புள்ளி வசிஷ்டர், சின்னது அருந்ததி என்று கீபோர்டுக்கு மேல் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். மறுபடி சோதிக்க வழியில்லை. முகூர்த்த நேரம் எனக்குக் கிடைத்தது; அதுவரை வேறு யார் யாரோ பதிவு செய்துவிட்டார்கள்.

புடவைக்கு ஃபால்ஸ் வாங்க மறந்தேன். அம்மா பாட்டு.

ஜூன் 1, ஞாயிறு

சரவணன் போன். எப்படிப்பட்ட ஆள் என்று இன்றே தெரிந்துகொள்வோம் என எல்லாவற்றையும் கொட்டினேன். டெலஸ்கோப், வாடகை, அருந்ததி, ஐயர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்பது வரை. மூச்சு வாங்கியது.

"ம்," என்றார்.

காத்திருந்தேன்.

"எந்த பிரவுசிங் சென்டர்?"

"ஸ்டேஷன் பக்கம். நூர் அக்காவோடது."

"சரி. சாப்பிட்டீங்களா?"

போனைத் தூக்கி எறியாததுதான் பாக்கி. மேடையில் இவர் "தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த சடங்குக்குப் போய்விடுவார். நான் மட்டும் பேந்தப் பேந்த நிற்பேன். ஆயுசு முழுக்க இப்படித்தானோ? பயமாக இருக்கிறது. நிஜமாகவே.

ஜூன் 6, வெள்ளி

மருதாணி. இடது கை மட்டும் வைத்துக்கொண்டு அக்காவிடம் கடைசிப் பாடம். பெயரை அடி, நேரம் ஒரு நொடி, அழுத்து. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறார். கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்து சிரித்தார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போ, கை காயட்டும்."

ஜூன் 8, ஞாயிறு, மாலை

பல்லாவரம். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வளையல் இடிக்கிறது.

தாலி கட்டி முடிந்தது. மெட்டி சின்னது, வலி. அம்மி மிதித்ததும் மண்டப வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணைக் குத்தும் வெயில். ஐயர் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் கையை நீட்டினார்.

"அதோ அருந்ததி. தெரியறதா?"

அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். சரவணன் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியல சாமி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"தெரியறதுன்னு சொல்லுங்கோ, நாழியாறது."

"ஒரு நிமிஷம் சாமி." வேட்டி மடிப்பிலிருந்து செல்போன்! "அக்கா, சரவணன். கூரை திறந்துட்டாங்களா?"

அக்காவின் நம்பர் இவரிடம்! கூரை என்றால் என்னவென்றும் தெரிந்திருக்கிறது! நான் மாலைக்குள் திருதிருவென்று முழித்தேன். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அங்க காத்து ஜாஸ்தியாம். மூடி வச்சிருக்காங்க. புதன்கிழமையே போய் எல்லாம் கேட்டுட்டு வந்தேன்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"நீங்க கோவமா இருந்தீங்க."

ஐயர் என்னைப் பார்த்தார். "எனக்கும் தெரியல," என்றேன். சத்தமாகவே. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். வானம் இடிந்து விழவில்லை.

பந்தியில் பாயசத்தின்போது அக்காவின் போன். கூரை திறந்தாயிற்று, நம் டெலஸ்கோப் காலி. அங்கே இன்னும் ராத்திரிதான். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தோம். பல்லாவரம் போக வேண்டிய கார் தாம்பரம் பக்கம் திரும்பியது. ராகு காலத்துக்குள் வீடு சேரணும் என்று சித்தி போனில் கத்தல்.

மாலையும் கழுத்துமாக பிரவுசிங் சென்டரில். கேம் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அக்கா அழுத்தியாயிற்று. படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்குகிறது. லைன் அவ்வளவு மெதுவு. முதலில் கறுப்பு. அப்புறம் பளீரென்று ஒன்று.

"தெரியுது! தெரியுது!" நான்தான் குதித்தேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சீட்டைப் பார்த்தார், மறுபடி திரை.

"அது வசிஷ்டர். அருந்ததி இன்னும் வரல. பொறு, வந்தப்புறம் சொல்லு."

பொறுத்தேன். மூன்று பேரும் மூச்சு விடாமல். இன்னொரு பட்டை, கறுப்பு. இன்னொன்று. கடைசிப் பட்டை இறங்கியது. ஓரத்தில், சின்னதாக, வெள்ளையாக.

அக்காதான் முந்திக்கொண்டார்.

"தெரியுதுப்பா, நல்லா தெரியுது! சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"