பாயிண்ட் கழற்றிய வாரம்

செப். 16, செவ்வாய்

காலை முழுக்கச் சாரல். மலையில் கூக்கால் ஊருக்குப் போகிற வழியில் பைக் மறுபடியும் நின்றது. பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்ட்டில் ஈரம். மூடியைக் கழற்றி, மப்ளர் முனையால் துடைத்து, ஊதி, உதைத்து, மறுபடி உதைத்து. அதற்குள் வத்தலக்குண்டு ஜீப்காரன், நம்மைப் போலப் பூண்டு வியாபாரிதான், கடந்து போனான். தலையை நீட்டி ஒரு சொல் வேறு: "அண்ணே, வண்டிய அங்கேயே நட்டு வச்சுட்டு வாங்க, முளைச்சாப் பிடுங்கிக்கிருவோம்!"

வெள்ளிக்கிழமை பாண்டியம்மா காட்டில் பூண்டு பிடுங்குகிறார்கள். கூக்காலிலேயே நல்ல பல். அங்கே போனில் பேரம் கிடையாது. பிடுங்குகிற காலையில் களத்துக்கு முதலில் வந்து நிற்பவனிடம்தான் முதல் பேச்சு. இந்தப் பூண்டை நம்பித் திண்டுக்கல் கடைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஜீப்காரன் முந்தினால் வாக்குப் போச்சு.

பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது. முடிவு.

வாங்க: டார்ச் செல். வீட்டுக்காரிக்கு முட்டி வலித் தைலம்.

செப். 17, புதன்

வெயில், அதிசயம். மெக்கானிக் ஆரோக்கியம் ஷெட்டில் பகல் முழுக்க. நானும் அவனும் ஒரே லாரியில் மூட்டை ஏற்றியவர்கள். இந்த வேலை இரண்டு பேருக்கும் புதிது. அவன் போனில் வீடியோ பார்க்க, நான் திருகாணி பொறுக்க.

கழற்றியது: பாயிண்ட், கண்டென்சர், பழைய காயில்.
போட்டது: காந்தம் வைத்த சின்னச் சக்கரம், சென்சார் தட்டு, தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, புதுக் காயில், பிளக்.

பாயிண்ட் புரியும். இரண்டு முனை ஒட்டும், பிரியும், பிரிகிற நொடியில் பிளக்கில் பொறி. இது பிடிபடவில்லை.

"எப்பப் பொறி விடணும்னு அதுக்கு எப்புடித் தெரியும்?"

"காந்தம் சென்சாரக் கடக்கும்ல, அப்ப."

"தொடுமா?"

"தொடாதுய்யா."

"தொடாம எப்புடி?"

"யோவ், மண்ணுக்குள்ள பூண்டு எப்புடிப் பல்லு வைக்குதுன்னு நான் ஒன்னயக் கேட்டனா?"

தொடாமலே வேலை நடக்கிறதாம். சரக்கைத் தொடாமலே காசு பார்க்கிற தரகர்களுக்கு அடுத்து இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல் உதை. கிக்கர் திருப்பி அடித்தது, கெண்டைக்காலில் வீக்கம். பொறி முந்திவிட்டதாம். தட்டைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி. எடுத்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் ஒட்டி வைத்து உதைத்துப் பார்த்தேன். முன்பு பொறி சிவப்பாக, சோம்பலாக வரும். இப்போது நீலம், சடக்கென்று. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆரோக்.: "பெட்ரோல் டப்பா கெடக்கு பக்கத்துல. தள்ளி நின்னு வெளையாடு."

செப். 18, வியாழன்

மேகம். பூம்பாறை வரை ஒத்திகை. ஏற்றத்தில் கியர் குறைக்காமல் ஏறியது. சத்தமே வேறு. பழைய இருமல் போய், தையல் மிஷின் மாதிரி.

இறக்கத்தில் வழக்கம்போல் இன்ஜினை அணைத்து உருட்டல். மலையில் எல்லோரும் செய்வதுதான், பெட்ரோல் மிச்சம். வளைவுகளில் ஹாரன் வேண்டுமே, அதற்காகச் சாவி மட்டும் ஆனில்.

பூம்பாறையில் உதைத்தால் உயிர் இல்லை. காயில் தோசைக்கல்லாய்ச் சுட்டது. டீக்கடைக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். "என்ன அண்ணே, புது மாப்ள மாதிரி வீம்பு பண்ணுது?"

ஆரோக்கியத்துக்குப் போன்.

"சாவி ஆன்லயா எறங்குன?"

"ஹாரன் அடிக்க வேணாமா? எப்பவும் அப்படித்தான எறங்குவேன்."

"பழசு தடிச்ச காயிலு, தாங்குச்சு. இது இன்ஜின் நின்னாலும் கரண்டக் குடிச்சுக்கிட்டே கெடக்கும்."

"வீடியோக்காரன் சொல்லலியா?"

"அவன் சமவெளிக்காரன்யா. எறக்கத்தையே பாத்திருக்க மாட்டான்."

ஆறவிட்டு உதைத்ததும் எடுத்தது. கருகவில்லை, பிழைத்தேன். சாயங்காலம் ஹாரன் வயரை நேராகப் பேட்டரிக்குக் கொடுத்தோம். இனிச் சாவி அணைத்தாலும் அடிக்கும். யோசனை என்னுடையது. அவன் வீடியோ போடப் போகிறானாம்.

தைலம் மறந்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செப். 19, வெள்ளி

விடியுமுன் கிளம்பினேன். கை நீட்டினால் விரல் தெரியாத பனி. முதல் உதையில் எடுத்தது. கூக்கால் வரை ஒரு தும்மல் இல்லை. ஜீப்பைக் காணோம்.

களத்துக்கு மேலே வண்டியை நிறுத்தினேன். பனிக்குள்ளிருந்து பாண்டியம்மா குரல்: "யாருங்க அது? பூண்டு இல்லீங்க. ஆளுக்குச் சொல்லியாச்சு."

நான் வாய் திறக்குமுன் அடுத்தது: "செல்வராசு அண்ணனுக்குன்னு வச்சிருக்கோம். செவ்வாக்கெழம ஜீப்புல வந்தவுககூட வெலய ஏத்தித்தான் கேட்டாக. குடுக்கல. அவரு வண்டி எங்கயாச்சும் நின்னு கெடக்கும், மெல்ல வருவாரு. ஈரம்னு சொல்லி எடையில கழிக்காத மனுசன். நீங்க சோலியப் பாருங்க."

மப்ளரை வாயிலிருந்து இறக்கினேன். பிறகு, "நான்தான் செல்வராசு, பாண்டியம்மா."

"சும்மா சொல்லாதீங்க. அவரு வண்டி இருமாம இப்புடியா ஓடும்?"

இறங்கிப் போய் முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். "அட! வண்டிக்கு வைத்தியம் பாத்தீகளா?" சிரிப்பு அடங்கவில்லை.

பூண்டு நல்ல ஈரம். இந்தத் தடவை ஈரக் கழிவு கேட்க வழியெல்லாம் வார்த்தை தயார் செய்து வந்திருந்தேன். கேட்கவில்லை. முழு எடை. லாபம் கொஞ்சம் அடி.

நின்று நின்று போயும் சரக்குக் கிடைத்ததை என் சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

செப். 20, சனி

நல்ல பனி. இன்று போளூர், இந்த மலையிலேயே இன்னொரு பூண்டு ஊர். வண்டிச் சத்தம் மாறிய சேதி அங்கே இன்னும் போயிருக்காது. களத்துக்கு மேலே நிறுத்தி, வாயைத் திறக்காமல், அங்கே என்னை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

ஆரோக்கியத்திடம் சொன்னேன். "வேணாம்யா. அப்பறம் சோறு எறங்காது ஒனக்கு."

இறங்காவிட்டால் இறங்காமல் போகட்டும். விலை தெரியாத சரக்கை, அது என் பேரே ஆனாலும், நான் கையில் வைத்துக்கொள்வதில்லை. பனி விலகுமுன் போய்ச் சேர வேண்டும்.